சர்க்கரையை மறைத்து பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 36. மனைவிக்கு 34, குழந்தைகள் பிறந்த பிறகு வேலைக்குப் போவதில்லை. பிள்ளைகளுக்கு 7, 3 வயது. வீட்டுக் கடன் பாக்கி கிட்டத்தட்ட என் மூன்று வருடச் சம்பளம். ஆறு வருடத்துக்கு முன் ஒன்றுவிட்ட அண்ணன் சொல்லி 20 வருட எண்டோவ்மென்ட் பாலிசி ஒன்று போட்டேன். ஆபீசில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது. இன்னும் பெரிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது. சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 வந்தது. சிகரெட்டை விட்டு நான்கு மாதம் ஆகிறது. "இதையெல்லாம் ஃபார்மில் எழுதாதே, பிரீமியம் ஏறிடும். மெடிக்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாயைக் கட்டு, போதும்" என்கிறார் அண்ணன். எந்த வகை எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது, எப்படி விண்ணப்பிப்பது, பழையதை என்ன செய்வது?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனால் சரிசெய்து கொள்ளலாம், இதில் முடியாது. சர்க்கரை, சிகரெட் இரண்டையும் எழுதுங்கள்.

அண்ணன் சொல்லும் வழி முதலில் நடைமுறையிலேயே வேலைக்காகாது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டுவது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது, அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் வெறும் வயிற்று சர்க்கரை வேண்டுமானால் கொஞ்சம் இறங்கலாம், இந்த எண் அசையாது. சிகரெட் விஷயம் வேறு மாதிரி. நிகோட்டின் உடம்பில் உடைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைத்தான் சிறுநீரிலோ எச்சிலிலோ தேடுவார்கள். விட்டு நான்கு மாதம் ஆனவரின் சோதனையில் அது தென்படாது. ஆனால் படிவம் கேட்பது சோதனையில் தெரிகிறதா என்று இல்லையே. பெரும்பாலான படிவங்களில் "கடந்த 12 மாதங்களில் புகையிலையோ நிகோட்டினோ எந்த வடிவிலாவது பயன்படுத்தியதுண்டா" என்றுதான் இருக்கும். உங்கள் பதில் "ஆம்". நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் எல்லாமும் இந்தக் கேள்விக்குள் வரும்.

எழுதினால் என்ன ஆகும்? புகைப்பவர் கட்டணம் போடுவார்கள். மற்றவர்களைவிட அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றுகூட இருக்கும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் இன்னும் எட்டு மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டால், கட்டணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் மறுபடி சோதித்துக் குறைக்கும். குறைக்காவிட்டால் வேறிடத்தில் புதிதாக விண்ணப்பித்துக் கொள்ளலாம். சர்க்கரை 6.1 என்பது, 5.7-இல் இருந்து 6.4 வரை உள்ள முன்நீரிழிவு வரம்புக்குள் வருகிறது. 6.5-ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்பார்கள். உங்கள் படிவத்தைப் பரிசீலிப்பவர் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் இதைப் பார்ப்பார். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் போய் ஒரு பொய்யா என்பதுதான் என் ஆதங்கம்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை நான் கிளைம் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவள். பாலிசி எடுத்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் மரணம் என்றால் கோப்பு தானாகவே விசாரணைக்குப் போகும். எத்தனை ஆண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவமனைப் பதிவு, லேப் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேடி வாங்குவார்கள். அப்புறம் விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேஜையில் வைப்பார்கள். அந்தப் படிவங்களைப் பார்த்தாலே பல சமயம் கதை புரிந்துவிடும். பெயர், முகவரி, வேலை எல்லாம் ஏஜென்ட்டின் கையெழுத்தில் அழகாக இருக்கும். உடல்நலக் கேள்விகள் வரிசையாக வரும் பக்கத்தில், "இல்லை" கட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடு. அடியில் வேறு பேனாவில் பாலிசிதாரரின் கையொப்பம். அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போது உயிரோடு இருக்க மாட்டார். அவருடைய மனைவிதான் எதிரே உட்கார்ந்திருப்பார். கோடு போட்டவர் அங்கே இருக்க மாட்டார்.

இதில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. காப்பீட்டில் இரு தரப்பும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற விதி நிலைபெற்றது 1766-இல் இங்கிலாந்தில் நடந்த கார்ட்டர் - போம் வழக்கில். சுமத்ரா தீவில் இருந்த ஒரு கோட்டையை எதிரி பிடித்துவிட்டால் ஈடு தர வேண்டும் என்று எடுத்த பாலிசி அது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும், பலவீனத்தை முதலிலேயே சொல்லவில்லை என்று காப்பீடு கொடுத்தவர் கைவிரித்தார். "மறைக்கக் கூடாது" என்ற விதியைச் சொன்ன அதே நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, அந்த வழக்கில் பாலிசி எடுத்தவருக்கே தீர்ப்பளித்தார். காப்பீடு கொடுப்பவருக்குத் தெரிந்த விஷயத்தை, தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை, பின்னால் காரணமாகக் காட்ட முடியாது என்றார். உங்களுக்கும் இதுதான். 6.1 என்று படிவத்தில் ஒரு முறை எழுதிவிட்டால், அதன் பிறகு அந்த எண்ணைக் காட்டி யாரும் உங்கள் மனைவிக்கு இல்லை என்று சொல்ல முடியாது. எழுதாமல் விட்டால் அதே எண் அவர்கள் கையில் ஆயுதம்.

சரி, எந்த வகை?

கடையில் எத்தனை பெயரில் விற்றாலும் அடிப்படை இரண்டுதான். இறந்தால் மட்டும் பணம் தருவது ஒன்று. இறந்தாலும் இருந்தாலும் ஏதோ ஒன்று தருவது இன்னொன்று. முதலாவது டேர்ம் பாலிசி. குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்கு முழுத் தொகை, காலம் முடிந்தும் உயிரோடு இருந்தால் ஒன்றும் கிடையாது. காலம் முடிந்ததும் ஒரு தொகை தரும் எண்டோவ்மென்ட், இடையிடையே பணம் தரும் மணிபேக், ஆயுள் முழுக்க வரும் ஹோல் லைஃப், பங்குச் சந்தையோடு இணைந்த யூனிட் லிங்க்டு எல்லாம் இரண்டாவது வகை. அவற்றில் நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு சின்னப் பகுதிதான் உயிர்க் காப்புக்குப் போகிறது. ஏஜென்ட் கமிஷனும் நிறுவனச் செலவும் போக மீதி சேமிப்பு. அதனால்தான் ஒரே பிரீமியத்துக்கு டேர்மில் கிடைக்கும் காப்புத்தொகை இவற்றில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

உங்கள் நிலைமையில் டேர்ம்தான். சின்னப் பிள்ளைகள், கடன், ஒற்றைச் சம்பளம். இப்போது வேண்டியது பெரிய காப்புத்தொகை. "ஒன்றும் திரும்ப வராதே" என்று மனம் இழுக்கும். அதைத் தெரிந்துதான் பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் என்று ஒன்றை விற்கிறார்கள். பிரீமியம் கணிசமாகக் கூடும், பல ஆண்டு கழித்து வட்டியில்லாமல் உங்கள் பணத்தையே கையில் கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹோல் லைஃபுக்கும் இடம் உண்டு: வாழ்நாள் முழுக்க ஒருவரின் ஆதரவில் இருக்க வேண்டிய மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை யோசிக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

காலம் எவ்வளவு? சம்பளம் நிற்கும் வயது வரைக்கும், அதாவது 60 அல்லது 62 வரை. 85 வரை, 99 வரை என்றெல்லாம் காட்டுவார்கள். வயது ஏற ஏற மரண விகிதம் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும் என்று 1825-லேயே பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் காட்டிவிட்டார். வளர்ந்தவர்களுக்குச் சுமார் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை அது இரட்டிப்பாகிறது. 99 வரை வரும் பாலிசியில், அந்தக் கடைசி ஆண்டுகளின் செலவையும் சேர்த்துத்தான் இன்றே உங்களிடம் வாங்குகிறார்கள். பிள்ளைகள் தலையெடுத்து, கடனும் முடிந்த பிறகு அது யாருக்காக? இதே கோம்பர்ட்ஸ் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். டேர்மில் சேரும் வயதில் நிர்ணயிக்கும் பிரீமியம் பொதுவாகக் கடைசி வரை மாறாது.

இப்போது தொகை. "வருடச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு" என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடன் தவணையும் உங்கள் சொந்தச் செலவும் போக, வீட்டுச் செலவு சம்பளத்தில் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைக்கு 22 வயது ஆக 19 ஆண்டு. பலரும் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது உங்கள் மனைவிக்கு 53 வயது. அதற்குப் பிறகும் அவர் சாப்பிட வேண்டாமா? ஆகவே 25 ஆண்டு என்று எடுங்கள். பாதிச் சம்பளம், 25 ஆண்டு: பன்னிரண்டரை வருடச் சம்பளம். கடனுக்கு மூன்று. படிப்புக்குத் தனியாக இரண்டு. மொத்தம் பதினேழரை. கையிருப்பு ஒரு வருடச் சம்பளம் அளவுக்கு இருந்தால் அதைக் கழியுங்கள், பதினாறரை வருகிறது. பத்து மடங்குக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

இந்தக் கணக்கில், கிடைக்கும் பணத்தைப் போட்டு வைத்தால் வரும் வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று எடுத்திருக்கிறேன். துல்லியம் இல்லைதான், ஆனாலும் பாதுகாப்பான பக்கம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸை நான் கழிக்கவில்லை. வேலை போனால் அதுவும் போய்விடும். உடம்புக்கு முடியாமல் வேலையை விடும் ஆளுக்கு, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கையில் இருக்காது. வீட்டுக் கடனோடு வங்கி கொடுக்கும் பாலிசி இருந்தால் மூன்றில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கடன் குறையக் குறைய அதன் தொகையும் குறையும், பணம் நேராக வங்கிக்குத்தான் போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மனைவிக்கும் ஒன்று எடுங்கள். சம்பளம் இல்லை என்பதால் அவர் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை என்று ஆகாது. அவர் இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள நீங்கள் ஆள் வைக்க வேண்டும், அல்லது உங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சம்பாதிக்காதவருக்கு நிறுவனங்கள் கொடுக்கும் தொகைக்கு வரம்பு இருக்கும், கணவரின் காப்புத்தொகையை வைத்து அதை முடிவு செய்வார்கள். கிடைக்கும் வரை எடுங்கள்.

ரைடர்கள், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நிரந்தர ஊனமோ தீவிர நோயோ வந்தால் மேற்கொண்டு பிரீமியம் கட்ட வேண்டாம் என்ற ரைடர் நல்லது. விபத்து மரணத்துக்கு இரட்டிப்பு என்பது விற்பனைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் எப்படி இறந்தாலும் குடும்பத்தின் தேவை ஒன்றுதானே.

பழைய எண்டோவ்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். உங்கள் எண்களை எழுதவில்லை என்பதால் வருடப் பிரீமியத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் 2000 கட்டி, முடிவில் போனஸோடு 3000 கிடைக்கிறது என்று எடுங்கள். ஒன்றரை மடங்கு என்று கேட்கும்போது இனிக்கும். வருட வட்டியாக மாற்றினால் 3.7 சதவீதம்தான். விலைவாசியோடு ஓடவே இது போதாது. ஆரம்பித்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் ஏற்கனவே 600 கட்டிவிட்டீர்கள். இன்று சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டால், 300 தான் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேட்க வேண்டியது, இந்த 300-ஐயும் இனி கட்டப்போகும் வருடம் 100-ஐயும் வேறு எங்காவது போட்டால், 14 ஆண்டில் 3000 ஆக அது எவ்வளவு வட்டி தர வேண்டும்? விடை 6.3 சதவீதம். போன பணத்தை மறந்துவிட்டு இன்றிலிருந்து பார்த்தால், அதே மட்டமான பாலிசி சுமாரான பாலிசியாகத் தெரிகிறது. சரண்டரில் அவ்வளவு பிடித்தம் செய்வதால் வரும் விளைவு இது.

ஆகவே அவசரப்பட்டு சரண்டர் செய்ய வேண்டாம். இன்றைய சரண்டர் மதிப்பு எவ்வளவு, பெய்ட்-அப் ஆக்கினால் எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெய்ட்-அப் என்றால் இனிப் பணம் கட்டாமல் பாலிசியை அப்படியே விட்டுவைப்பது. 20-இல் 6 பிரீமியம் கட்டியிருப்பதால் அடிப்படைத் தொகை 30 சதவீதமாகச் சுருங்கும், அதுவரை சேர்ந்த போனஸ் பொதுவாகக் கூடவே இருக்கும். மேலே போட்ட கணக்கை உங்கள் நிஜ எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். வரும் சதவீதம், ரிஸ்க் இல்லாத வேறு சேமிப்பில் உங்களுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் தொடருங்கள். இரண்டு பிரீமியமும் சேர்த்துக் கட்டக் கை நெருக்கடி என்றால் மட்டும், டேர்ம் முதலில், இது பெய்ட்-அப்.

விண்ணப்பிக்கும் முறையில் பெரிய மர்மம் இல்லை. வயது, அடையாளம், முகவரி, வருமானம் ஆகியவற்றுக்குச் சான்று கேட்பார்கள். பெரிய தொகை என்பதால் மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் இருக்கும்: உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர், தேவைப்பட்டால் ஈசிஜி. உங்களிடம் இருக்கும் 6.1 ரிப்போர்ட்டின் நகலையும் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். பெற்றோருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்பார்கள், வீட்டில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பாலிசிகள் இருக்கின்றனவா என்ற கேள்விக்குப் பழைய எண்டோவ்மென்ட்டைக் கட்டாயம் எழுதுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் ரொம்பப் பேர். "இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தோ தள்ளிவைத்தோ கூடுதல் பிரீமியம் போட்டோ இருக்கிறதா" என்றும் ஒரு கேள்வி உண்டு. அதனால் ஒரே சமயத்தில் பல இடங்களில் வீசிப் பார்க்க வேண்டாம்.

பரிசீலனை முடிந்து வழக்கமான கட்டணத்துக்கே வரலாம், கூடுதல் கட்டணத்தோடு வரலாம், சில மாதம் கழித்து வரச் சொல்லலாம். கூடுதல் கட்டணம் என்றால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. படிவம் கொடுத்த நாளில் இருந்து காப்பு தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக நிறுவனம் ஏற்றுக்கொண்டு, முதல் பிரீமியமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். அதுவரை பழையதில் கை வைக்க வேண்டாம். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும், கூடவே வரும் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் படியுங்கள். நீங்கள் "ஆம்" என்றது அங்கே "இல்லை" ஆகியிருந்தால் அன்றே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் உண்டு, பெரும்பாலும் 10-இல் இருந்து 30 நாள் வரை. நாமினியாக மனைவி பெயரைப் போடுங்கள். பிள்ளைகளைப் போட்டால், அவர்கள் மைனர் என்பதால் பணத்தைப் பெற ஒரு பெரியவரையும் நியமிக்க வேண்டியிருக்கும். பத்திரம் எங்கே இருக்கிறது, யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லி வையுங்கள்.

அண்ணனிடம் எடுக்கலாமா, ஆன்லைனில் எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். ஆன்லைனில் ஓரளவு மலிவு, படிவத்தை நீங்களே நிரப்பியாக வேண்டும் என்பது கூடுதல் நன்மை. உறவு கெட வேண்டாம் என்று தோன்றினால் அண்ணனிடமே டேர்ம் கேளுங்கள், அதிலும் அவருக்குக் கமிஷன் உண்டு, எண்டோவ்மென்ட்டைவிடக் குறைவாக இருக்கும். "ஃபார்மை நானே எழுதித் தருகிறேன் அண்ணே, ரிப்போர்ட்டையும் இணைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சரி என்றால் அவரிடமே எடுங்கள். முகம் சுளித்தால் ஆன்லைன்.

அந்த சர்க்கரைக்கு ஒரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.